ஊரே திரும்பிப் பார்த்த பெயர்

நெடுந்துறையில் தங்கபுஷ்பம் என்று யாராவது சொன்னால் எந்தத் தங்கபுஷ்பம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தங்கபுஷ்பம் என்று ஒரு தோணி இருந்தது, வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வரும் பழைய மரத்தோணி, அந்தத் தோணிக்கு முன்னாலேயே தங்கபுஷ்பபுரம் என்று ஒரு தெரு இருந்தது, துறைமுகத்துக்கு மேற்கே உப்பளம் முடிகிற இடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள், இவை இரண்டுக்கும் முன்னால் தங்கபுஷ்பத்தம்மாள் என்று ஒரு மகராசி இருந்தாள், சீதனமாக வந்த தோப்பை மனை போட்டு உப்பளத்து சனங்களுக்குக் கொடுத்தவள். அவள் பெயரைத் தெருவுக்கு சனங்கள் வைத்தார்கள், தோணிக்கு அவள் மகன் கோயில்பிள்ளை வைத்தார், அந்தத் தெருவில் அப்போது பிறந்த பெண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பெற்றவர்கள் வைத்தார்கள், தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் வீட்டுக்கு ஒரு தலை எட்டிப்பார்த்த காலம் அது.

பிறகு பெண்பிள்ளைக்கு ஷ, ஸ, ஹ என்று ஆரம்பிக்காத பெயர் வைப்பது பாவம் என்கிற காலம் வந்தது. பழைய தங்கபுஷ்பங்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள், சேராதவர்கள் வெளியூருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டுப் புஷ்பாவாகத் திரும்பி வந்தார்கள். கடைசியில் மிஞ்சியவள் ஒருத்திதான், அவளும் தவறுதலாக அந்தப் பெயருக்கு வந்து சேர்ந்தவள். ஷர்மிளா என்று வைக்கச் சொல்லித்தான் அவளுடைய அப்பாவை அனுப்பினார்கள். உப்பளத்து மோட்டாரோடு வாழ்ந்து காது மந்தமாகிப்போன மனிதர், பிறப்பைப் பதிகிற இடத்தில் பேர் என்ன என்று கேட்டது அவர் காதில் ஊர் என்ன என்று விழுந்தது, தங்கபுஷ்பபுரம் என்று கணீரென்று சொன்னார், எழுதியவர் நல்ல மனது வைத்து, பெண்பிள்ளைக்குப் புரம் எதற்கு என்று அதை மட்டும் வெட்டிவிட்டார்.

அந்தப் பெயரோடு பள்ளிக்கூடத்தில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆஜர் எடுக்கும்போது அவள் முறை வந்தால் தங்கம் வந்திருக்கு, புஷ்பம் லீவு என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும், டீச்சரும் சிரிப்பார். துறைமுக வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் தோணிக்கு வரவேண்டிய டீசல் ரசீது அவள் பெயரைப் பார்த்து அவளிடம் வரும், அவளுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை வெங்காய மூட்டையோடு மாலத்தீவு போய்விட்டு வரும். போதாக்குறைக்கு அவளைக் கட்டியவன் லிங்கதுரை அந்தத் தோணியிலேயே என்ஜின் டிரைவர். இரண்டு தங்கபுஷ்பத்தை வைத்துக் குடும்பம் நடத்துகிறவன் என்று துறைமுகமே அவனைக் கிண்டல் செய்யும், அவன் சிரித்துக்கொண்டே போவான், நல்ல மனுஷன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் தங்கபுஷ்பம் வேலைக்குக் கிளம்பித் தெருவின் பாதி தூரம் போயிருப்பாள், தெருவின் மேற்குக் கோடியில் குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டுப் பிச்சக்கனி, அவள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போவதைப் பார்த்தாள். கடலுக்குக் கிளம்புகிறவர்களைப் பின்னால் கூப்பிடக்கூடாது என்று நெடுந்துறையில் கைக்குழந்தைக்கும் தெரியும், ஆனால் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவளைக் கூப்பிட என்ன தடை என்று பிச்சக்கனி இடுப்பில் கையை ஊன்றி, அடிவயிற்றிலிருந்து, ஏ தங்கபுஷ்பம் என்று கூப்பிட்டாள்.

தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். அவளோடு சேர்ந்து ஊரே திரும்பிப் பார்த்தது. ஊர் என்றால் சனங்கள் இல்லை, அவர்கள் அவரவர் பல்லைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், வீடுகள் திரும்பின, வடக்கு பார்த்த வரிசையும் தெற்கு பார்த்த வரிசையும் அஸ்திவாரத்தோடு மெதுவாக நகர்ந்து, வாசல் கோலம் கலையாமல், அத்தனையும் மேற்கே பிச்சக்கனியைப் பார்த்து நின்றன. அலைதடுப்புச் சுவரைத் தாண்டிப் போய்விட்டிருந்த தோணியும் அதே நேரம் திரும்பியது, மொகுதூம் தண்டல், தோணியை நடத்துகிறவர் அவர்தான், சுக்கானைப் பிடித்துக்கொண்டு தொங்கியும் கேளாமல் ஏற்றிய வெங்காயத்தோடு வந்து ஜெட்டியில் முட்டி நின்றது. பிச்சக்கனி தூக்குச் சட்டியை நீட்டி, இதை மறந்திட்டியே என்றாள், தங்கபுஷ்பம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மின்கம்பி எப்படி அறுந்துபோகாமல் இருக்கிறது என்று பார்க்க லைன்மேன் வந்தார், பார்த்தார், அறுந்துபோகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றபடி தெருவில் பேச்செல்லாம் வசதியைப் பற்றித்தான் இருந்தது. இத்தனை நாள் எதிர்வீட்டுக்காரன் மூஞ்சியில் முழிக்கவேண்டியிருந்த பங்காளிகள் இப்போது அவன் பக்கச்சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள், தெற்கு வாசல் என்று யாருமே குடிவராமல் கிடந்த வீட்டுக்கு அன்றைக்கே ஆள் வந்தது, டிவி குடையை மட்டும் எல்லோரும் மொட்டைமாடி ஏறித் திருப்பி வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் விவரமும் பிடிபட்டது. பெயரைச் சும்மா சொன்னால் ஒன்றும் ஆகாது, அவளைக் கூப்பிட வேண்டும், அவள் திரும்பினால் எல்லாம் திரும்பும், கூப்பிட்ட ஆள் நிற்கிற திசைக்குத் திரும்பும்.

விவரம் தெரிந்த பிறகு சும்மா இருப்பார்களா. மிளகாய் காயப்போட்டவர்கள் காலையில் கிழக்கே நின்று கூப்பிட்டார்கள், வாசலில் வெயில் விழுந்தது. சாயங்காலம் கடல்காற்று வேண்டும் என்று கூப்பிட்டார்கள், பெண் பார்க்க வருகிற வீட்டுக்காரர்கள் வாசல் வடக்கே இருந்தால் நல்லது என்று ஆள் நிறுத்திக் கூப்பிட்டார்கள். ஜெராக்ஸ் கடையில் தாளை வைத்துவிட்டு நிமிரும்போதெல்லாம் எங்கிருந்தோ அவள் பெயர் வரும், தங்கபுஷ்பம் திரும்புவாள், கூப்பிட்டவர் அவளைப் பார்க்காமல் தன் வீட்டு வாசலைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். முதலில் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது, பிறகு கழுத்து வலித்தது, அதன் பிறகு வேறெங்கோ வலித்தது.

தோணிக்குத்தான் பெரிய திண்டாட்டம். கிளம்பும், தெருவில் யாராவது காற்று வேண்டிக் கூப்பிடுவார்கள், திரும்பிவிடும். மாலத்தீவில் வெங்காயம் இல்லாமல் சமைக்கப் பழகிவிட்டார்கள் என்று பேச்சு அடிபட்டது. கோயில்பிள்ளை முதலாளி, எழுபதைத் தாண்டியும் வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர், தெருக்காரர்களையெல்லாம் கூட்டி, தோணி கடலில் இருக்கிற நாளில் அந்தப் பிள்ளையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். நியாயம்தானே என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் அவளைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள், இந்தா என்றார்கள், ஏட்டி என்றார்கள், ஜெராக்ஸ் என்றார்கள். பஸ் கண்டக்டர் அவளைக் கூப்பிடுகிறவர் இல்லைதான், என்றாலும் வம்பு எதற்கு என்று அந்தத் தெரு நிறுத்தத்தில் மட்டும் பெயர் சொல்லாத ஊரெல்லாம் இறங்கு என்று சத்தம் கொடுக்க ஆரம்பித்தார்.

இவ்வளவு செய்தும் பழக்கதோஷத்தில் யாராவது ஒருவர் வாய் தவறிவிடும், தோணி கன்னியாகுமரியை எட்டுவதற்குள் திரும்பிவிடும். முதலாளி மறுபடியும் கூட்டினார். ஒரு பெயரை மூன்று பேர் வைத்திருப்பதால்தான் இந்த வம்பு, யாராவது விட்டுக்கொடுங்கள் என்றார். தோணியின் பெயர் பெற்ற தாயின் பெயர், உயிர் போனாலும் மாற்றமாட்டேன் என்பதையும் அவரே சொன்னார். தெருவின் பெயரை மாற்றினால் ரேஷன் கார்டிலிருந்து கேஸ் புத்தகம் வரை மாற்றவேண்டும், யார் அலைவது என்று தெருக்காரர்கள் கேட்டார்கள். அப்புறம் எல்லோரும் சொல்லிவைத்தாற்போலத் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள்.

"உனக்குத்தான் அந்தப் பேரு பிடிக்கவே பிடிக்காதேட்டி," என்றாள் பிச்சக்கனி, உண்மையான பிரியத்தோடு.

அது பொய்யில்லை. பிடிக்காதுதான். ஆனால் பிடிக்காத பெயரை இத்தனை வருஷம் சுமந்தவள் நான்தானே, சிரித்தவர்களுக்கு முன்னால் எழுந்து நின்று ஆஜர் சொன்னவள் நான்தானே என்று அவளுக்குள் ஒன்று முரண்டுபிடித்தது. அன்று வீட்டில் லிங்கதுரையிடம் கேட்டாள். உன் இஷ்டம்ளா என்றான். இஷ்டம் என்ன என்று தெரிந்தால் கேட்டிருக்கமாட்டாள். தோணி ஓடாவிட்டால் அவனுக்கு வேலை இல்லை, மொகுதூம் தண்டலுக்கு இல்லை, மூட்டை தூக்குகிறவர்களுக்கு இல்லை, எல்லோரையும் யோசித்துப் பார்த்து, சரி என்றாள்.

தெருவே கூடி அவளுக்கு ரித்திகா என்று பெயர் வைத்தது. பந்தல் போட்டு, கேசரி கிண்டி, பிச்சக்கனி அவள் காதில் மூன்று தடவை புதுப் பெயரைச் சொன்னாள், சொல்லும்போது பிச்சக்கனிக்கே கண் கலங்கியது. ஏ ரித்திகா என்று யாரோ பந்தலுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டுச் சோதித்தார்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் தேடிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து திரும்பினாள். எந்த வீடும் அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பிய தோணி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போயிற்று, முதலாளி கடற்கரையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தோணி போன மறுநாளே தெருவில் சாவிகள் திரும்ப மறுத்தன. பூட்டில் போட்ட சாவி போட்டபடி நின்றது. குழாயைத் திருப்பினால் திரும்பவில்லை, கிரைண்டர் சுற்றவில்லை, மின்விசிறியும் சுற்றாமல் கரகரவென்று முனகியது, சைக்கிளை ஓட்டிக்கொண்டு போகமுடியாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். மேயப்போன கோழிகள் திரும்பவில்லை, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மருமகள் திரும்பவில்லை. இரவல் கொடுத்த பாத்திரங்களும் திரும்பவில்லை, அவை முன்பும் திரும்பியதில்லை என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாக ஏறி இறங்கப் பழகி, அம்மிக்கல்லைக் கழுவி வைத்து, கிணற்றில் ராட்டினம் இல்லாமல் கயிற்றைக் கையால் இழுத்து, தெரு எப்படியோ சமாளித்துக்கொண்டுதான் இருந்தது, முதலாளியின் சரக்குக் கிட்டங்கியில் இருக்கிற வயர்லெஸ் கரகரக்கும் வரை.

பேசியது மொகுதூம் தண்டல். சுக்கான் சுற்றுகிறது, தோணி திரும்பமாட்டேன் என்கிறது என்றார். கன்னியாகுமரி தாண்டி மேற்கே திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகத் தெற்கே போய்க்கொண்டிருக்கிறது, என்ஜினை நிறுத்தினாலும் நீரோட்டம் அதே பக்கம்தான் இழுக்கிறது என்றார். தெற்கே என்ன இருக்கிறது என்று முதலாளி கேட்டார். தண்ணீர் என்றார் தண்டல். அதற்கும் தெற்கே என்று கேட்டதற்கு, ஐஸ்கட்டி என்றார். குடிதண்ணீர் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் வரும் என்பதை அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் வாசலில் நின்றவர்கள் வரைக்கும் கேட்டுவிட்டது.

எல்லோரும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார்கள். அம்மா தாயே, அந்தப் பெயரை நீயே திரும்ப வைத்துக்கொள் என்றார்கள், தங்கபுஷ்பம் தங்கபுஷ்பம் என்று நாலு பக்கத்திலிருந்தும் கூப்பிட்டார்கள், பிச்சக்கனி தொண்டை கிழியக் கூப்பிட்டாள், முதலாளி நடுங்குகிற குரலில் கூப்பிட்டார், பெற்ற தாயைக் கூப்பிடுவது போலவே இருந்தது. அவளுக்கும் திரும்பவேண்டும் என்றுதான் இருந்தது, கடலில் இருப்பது அவள் புருஷன். ஆனால் கழுத்து அசையவில்லை. அவள் காதைத் தீட்டிக் கேட்டாள், ஒரு குரலில் குழாய் இருந்தது, ஒரு குரலில் சாவி இருந்தது, ஒரு குரலில் வெங்காயம் இருந்தது, எந்தக் குரலிலும் அவள் இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, கல்லாப்பெட்டியின் மேல் தலையை வைத்து நன்றாக அழுதாள்.

"நீங்க கூப்பிடுதது என்னைய இல்லயே," என்றாள், "நான் எப்படித் திரும்புவேன்."

பிச்சக்கனி மட்டும் கிட்டே வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், தப்புத்தாம்ட்டி என்றாள்.

அவளைக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போய் வயர்லெஸ் முன்னால் உட்காரவைத்தார்கள். லிங்கதுரையின் குரல் கரகரப்புக்கு நடுவே வந்தது. முதலில், சாம்பாரில் உப்பு ஜாஸ்தி போட்டுக் கொடுத்துவிட்டாய், அதனால்தான் தண்ணீர் சீக்கிரம் தீருகிறது என்றான். அவளிடமிருந்து சிரிப்பு வராததால் பேச்சை மாற்றினான். தோணியில் எல்லோரும் சேர்ந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது, பிரயோசனமில்லை என்றான்.

"நீங்களுமா கூப்பிட்டீங்க?"

"நானுந்தான். அது எப்படிளா திரும்பும்? பேரு உன்கிட்டல்லா இருந்துச்சு. நீ எறக்கி வச்சது. ஊரு கூடி எடுத்துத் தர முடியுமா அத? நீதான் எடுக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வேண்டாம்னாலும் செரிதான். அதுக்காக ஒன்ன நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றான்.

அதற்குமேல் கரகரப்புதான் வந்தது.

தங்கபுஷ்பம் எழுந்து அலைதடுப்புச் சுவரின் மேல் ஏறி நடந்தாள். பின்னால் தெரு முழுக்க வந்தது, கிட்டே வராமல் தள்ளியே நின்றது. நல்ல வெயில். கல்லின் மேல் நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. சுவரின் கடைசிக் கல்லுக்குப் போய் நின்ற பிறகுதான் தன்னைத்தானே எப்படிக் கூப்பிடுவது என்று தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. யாருக்குத்தான் தெரியும், தன் பெயரை மனிதர்கள் சொல்வார்கள், எழுதுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், கூப்பிடுவதில்லை. டீச்சர் ஆஜர் எடுப்பது போல ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், சிரிப்புச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. பிச்சக்கனி மாதிரி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள், கூச்சமாக இருந்தது. பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். காது மந்தமான அப்பா கணீரென்று சொன்ன ஊர் அது, யாரோ புரத்தை வெட்டிக் கையில் கொடுத்த மிச்சம், வேறு யாரும் வைத்துக்கொள்ளாத பெயர், அதைத் தான் ஒருத்திதான் முழுசாக வைத்திருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஒரு பிரியம் வந்தது. ரொம்ப நாள் கழித்துக் கடைத்தெருவில் ஒரு சிநேகிதியைக் கண்டுவிட்டால், எங்கே பார்க்காமல் போய்விடுவாளோ என்று ஒரு பதற்றத்தோடு கூப்பிடுவோமே, அப்படிக் கூப்பிட்டாள்.

"ஏ தங்கபுஷ்பம்."

அவள் எங்கேயும் திரும்பவேண்டியிருக்கவில்லை. தெருவின் வீடுகள் அத்தனையும் கிழக்கே திரும்பிச் சுவர்முனையில் நிற்கிற அவளைப் பார்த்தன, பூட்டுகளில் மாட்டிக்கொண்டிருந்த சாவிகள் கடகடவென்று திரும்பிக் கதவுகள் திறந்துகொண்டன, குழாய்களில் தண்ணீர் கொட்டியது, மின்விசிறிகள் சுற்றின, கோழிகள் உப்பளத்துக்கு அந்தப்பக்கமிருந்து சிறகடித்துக்கொண்டு வந்தன. கிட்டங்கியில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மொகுதூம் தண்டல் அல்லாவைக் கூப்பிட்டுச் சிரிப்பதைக் கேட்டார்கள், தோணி வாலைச் சுழற்றிக்கொண்டு திரும்பிவிட்டதாம், பாய் விரிக்காமலே பறக்கிறதாம்.

சனங்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல்தடவை, அவளுக்கு வெட்கமாகிவிட்டது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முதலாளி அவளைக் கும்பிட்டு, இனிமேல் உன்னை எப்படித் தாயி கூப்பிடவேண்டும், நீயே சொல் என்றார். பேர் சொல்லியே கூப்பிடுங்க என்றாள் அவள்.

"கூப்பிட்ட ஒடனே திரும்பணும்னு இல்ல பாத்துக்கிடுங்க. எனக்குத் தோணினாத்தான் திரும்புவேன்."

தோணி என்று காதில் விழுந்ததே போதும் என்று முதலாளி பலமாகத் தலையாட்டினார்.

இரண்டு நாளில் தோணி வந்து சேர்ந்தது. யாரும் கயிறு போட்டுப் பிடிப்பதற்கு முன்பே லிங்கதுரை ஜெட்டியில் குதித்தான், முகமெல்லாம் கறுத்து, உதடு வெடித்து, சட்டை முழுக்க கிரீஸ். வந்தவர்கள் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள், அவன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேரே அவளிடம் வந்தான்.

"நடுக்கடல்ல அப்படியே நின்னுட்டேன்," என்றான். "காதுக்குள்ள வந்து கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. யாருளா கூப்பிட்டது?"

"நாந்தான்."

"யாரக் கூப்பிட்ட?"

"என்னயத்தான்," என்றாள் தங்கபுஷ்பம்.